கோட்டுக்கு இருபுறமும் ஒரே குடல்

பாறசாலையிலிருந்து இஞ்சிவிளை வழியாகச் சற்றுத் தெற்கே போனால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. மண் அங்கே மாறுவதில்லை, தென்னையும் வாழையும் மாறுவதில்லை, மீன்காரர் கூவும் சாளையும் நெத்தோலியும் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அன்று விழுந்த கோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களின் நடுவே போனது. இன்றும் இந்த எல்லையோர ஊர்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள் உண்டு. இரண்டு பக்க அடுக்களையிலும் மரச்சீனி வேகிறது. இந்த ஊர்களை மனத்தில் வைத்துக்கொண்டு, உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன்: ஒரே அளவு சர்க்கரையைக் குடித்தாலும் குடல் சுரக்கும் ஹார்மோன்கள் இனக்குழுவுக்கு இனக்குழு ஏன் வேறுபடுகின்றன? என் வாதம் இதுதான். அந்த வேறுபாடு உண்மை. ஆனால் அதற்கு ‘இனம்’ என்று பெயர் சூட்டும்போது, இரைப்பையின் வேகம், உடம்பின் அளவு, தட்டில் விழும் உணவு, தாயின் கருப்பை, அளக்கும் கருவி ஆகிய ஐந்தையும் ஒரே சாக்கில் போட்டு வாயைக் கட்டிவிடுகிறோம்.

முதலில் இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ‘இந்தியாப்’ ஆய்வின் நாடு தழுவிய முடிவுகள் 2023இல் வெளிவந்தன. 20 வயதுக்கு மேற்பட்டோரில் நீரிழிவு உள்ளவர்கள் நாட்டளவில் 11.4 சதவீதம், கேரளத்தில் 25.5, தமிழ்நாட்டில் 14.4. இந்த எண்களை வைத்துக்கொண்டு, களியக்காவிளை எல்லையைத் தாண்டியதும் சர்க்கரை வியாதி பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நாம் ஏற்கமாட்டோம். தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கணக்கெடுத்தது 2008 முதல் 2010 வரை நடந்த முதல் கட்டத்தில். கேரளம் பிந்தைய கட்டத்தில் வந்தது. கேரளத்தில் முதியவர்கள் கூடுதல், நகரமும் கிராமமும் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஆக, அந்த இடைவெளியில் காலமும் வயதும் வாழ்முறையும் கலந்திருக்கின்றன. மாநிலம் என்ற அடையாளத்தைப் பார்த்து இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கத் தெரிந்த நாம், ‘தெற்காசியர்’, ‘ஆசியர்’ என்ற அடையாளங்கள் மருத்துவக் கட்டுரையில் வரும்போது அந்த எச்சரிக்கையைக் கைவிட்டுவிடுகிறோம். அவையும் யாரோ எங்கோ இருந்து போட்ட கோடுகளே.

குடலுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1902இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும், குடல் ஒரு வேதிப்பொருளை ரத்தத்தில் விட்டுக் கணையத்துக்குச் செய்தி அனுப்புகிறது என்று காட்டினார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த லா பார், சர்க்கரையைக் குறைக்கும் குடல் சாரத்துக்கு ‘இன்க்ரெட்டின்’ என்று பெயர் வைத்தார். 1964இல்தான் சான்று உறுதியானது: குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவதைவிட வாயில் குடிக்கும்போது இன்சுலின் மிகக் கூடுதலாகச் சுரக்கிறது. நலமான உடலில், குளுக்கோஸ் குடித்தபின் சுரக்கும் இன்சுலினில் பாதியோ அதற்கு மேலோ இந்தக் குடல் செய்தியால் வருவது. செய்தி கொண்டுபோவோர் இருவர். சிறுகுடலின் மேற்பகுதியில் கே செல்கள் விடும் ஜி.ஐ.பி. ஒன்று, குடலின் கீழ்ப்பகுதியில் எல் செல்கள் மிகுதியாக விடும் ஜி.எல்.பி.-1 மற்றொன்று. பின்னது 1980களில் வெளிச்சத்துக்கு வந்தது. 1987இல் ஸ்வெட்லானா மோய்சோவ், ஜோயல் ஹாபெனர், யென்ஸ் ஹோல்ஸ்ட் ஆகியோரின் ஆய்வுகள் அது இன்சுலினைத் தூண்டும் திறனை நிறுவின. சுரந்த இரண்டு நிமிடத்துக்குள் டி.பி.பி.-4 என்ற நொதி அதில் பாதியைச் சிதைத்துவிடும். கை நரம்பில் ஊசி குத்தி நாம் எடுக்கும் ரத்தத்துக்கு வந்து சேர்வது சுரந்ததில் ஒரு சிறு பங்கு மட்டுமே. இந்த ஒரு செய்தியை மறக்காமல் வைத்திருங்கள். கடைசியில் மறுபடி தேவைப்படும்.

இனி இனக்குழு ஆய்வுகளுக்கு வருவோம். ஜப்பானில் யாபேயும் செய்னோவும் சார்ந்த குழு 2010இல் சொன்னது: ஜப்பானியரிடம், நீரிழிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உணவுக்குப் பின் ஜி.எல்.பி.-1 பெரிதாக உயர்வதில்லை. அமெரிக்காவில் மிகு பருமனுள்ள வளரிளம் பருவத்தினரை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2008இல், கறுப்பினப் பிள்ளைகளிடம் இந்த ஹார்மோன் வெள்ளையினப் பிள்ளைகளைவிடக் குறைவு என்றது. நெதர்லாந்தின் லைடன் நகரில் நலமாயுள்ள இளம் தெற்காசியரையும் ஐரோப்பியரையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. தெற்காசியரிடம் குளுக்கோஸ் குடித்தபின் இன்சுலினும் கூடுதல், ஜி.எல்.பி.-1உம் கூடுதல். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மூன்று குழுக்களுக்கும் ஐரோப்பியரைவிட நீரிழிவு அபாயம் அதிகம் என்றே சொல்லப்படுகிறது. ஆனால் ஒரு குழுவிடம் ஹார்மோன் மந்தம், ஒன்றிடம் குறைவு, ஒன்றிடம் கூடுதல். ‘எங்கள் இனத்தின் குடல் பலவீனமானது, அதனால் சர்க்கரை வருகிறது’ என்ற எளிய கதை இங்கேயே உடைந்துபோகிறது. நம்மைப் பற்றியதாகச் சொல்லப்படும் லைடன் ஆய்வு, குடல் சோம்பவில்லை, மிகையாகவே உழைக்கிறது என்கிறது. இன்னொன்றும் உண்டு. நெதர்லாந்தில் தெற்காசியர் என்றால் பெரும்பாலும் சுரிநாமிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். 1873 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய போஜ்புரி, அவதி பேசிய மக்களின் வழித்தோன்றல்கள். அவர்களுக்கும் பாறசாலைக்காரருக்கும் இடையே சோற்றுப் பானையும் பொதுவில்லை, நூற்றைம்பது ஆண்டு வரலாறும் பொதுவில்லை.

அப்படியானால் வேறுபாட்டை உண்டாக்குவது எது? என் கணிப்பில் முதலிடம் இரைப்பைக்கு. குடித்த குளுக்கோஸ் முழுவதும் ஒரே நேரத்தில் குடலுக்குள் இறங்குவதில்லை. இரைப்பை அதை நிமிடத்துக்கு 1 முதல் 4 கலோரி வரை அளந்து அளந்து விடுகிறது. இந்த வேகம் ஆளுக்கு ஆள் வேறு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஹோரோவிட்ஸ் குழு பல ஆண்டுகள் இதையே தோண்டியது. உணவுக்குப் பின் முதல் அரைமணியில் ரத்தச் சர்க்கரை ஏறும் அளவில் காணும் வேறுபாட்டின் மூன்றில் ஒரு பங்கை இரைப்பை காலியாகும் வேகத்தாலேயே விளக்கிவிடலாம் என்று கண்டார்கள். ஜி.ஐ.பி. மெதுவாக இறங்கும் சர்க்கரைக்கும் எழுந்து வரும். ஜி.எல்.பி.-1 அப்படியில்லை; நிமிடத்துக்குச் சுமார் 2 கலோரிக்கு மேல் பாய்ந்தால்தான் நன்றாகத் தலைதூக்கும். ஆகவே இரண்டு குழுக்களின் இரைப்பை வேகம் சற்றே வேறுபட்டாலும், குடலின் குணமே வேறு என்று ஏட்டில் பதிவாகிவிடும். அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் மெக்சிகோ வழிவந்தவர்களிடம் இரைப்பை வேகமாகக் காலியாவதை 1990களிலேயே கண்டிருக்கிறார்கள். இரைப்பையை அளக்காமல் குடல் ஹார்மோனை மட்டும் அளந்து இனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, மடையை எவ்வளவு திறந்தார்கள் என்று பார்க்காமல் வாய்க்காலில் ஓடும் தண்ணீரை வைத்து ஏரியைக் குறைசொல்வது போன்றது.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. எளிது என்பதாலேயே கவனிக்கப்படாமல் போவது. சோதனையில் பெரியவர்கள் எல்லாருக்கும் கொடுப்பது ஒரே 75 கிராம் குளுக்கோஸ். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது கிலோவுக்கு 1.67 கிராம். 90 கிலோ எடையுள்ள டச்சுக்காரருக்கு 0.83 கிராம். பாதிக்குப் பாதி. உயரம் குறைந்தவர்களிடம் இரண்டு மணி நேரச் சர்க்கரை கூடுதலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். சிறிய உடம்புக்காரருக்கு இரட்டிப்புச் சுமை கொடுத்துவிட்டு, அவருடைய குடலும் கணையமும் அதிகம் உழைப்பதைக் கண்டு அதற்கு இனத்தின் பெயரைச் சூட்டுவது நியாயமில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். ‘தெற்காசியர் எங்கே போனாலும் சர்க்கரை அவர்கள் கூடவே போகிறதே, லண்டனின் சவுத்தாலில், மொரீஷியஸில், பிஜியில், தென்னாப்பிரிக்காவில், உள்ளூர் உணவும் வெயிலும் வேறாக இருந்தும் அங்கெல்லாம் கூடுதல்தானே? அப்படியென்றால் அது ரத்தத்தில் இருப்பதுதானே?’ இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. புனேயில் மருத்துவர் யாஜ்னிக் இதற்கு ஒரு விடையைத் தேடி எடுத்தார். அவர் ஒப்பிட்ட இந்தியக் குழந்தைகள் பிறப்பில் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. எலும்பும் தசையும் உள்ளுறுப்பும் நம் குழந்தையிடம் குறைவு. தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்தும் கொழுத்தும் ஒரே நேரத்தில் பிறக்கும் குழந்தை. 2004இல் அவரும் பிரித்தானிய மருத்துவர் யுட்கினும் தங்களையே அளந்து காட்டினார்கள்: இருவருக்கும் உடல்நிறைக் குறியீடு ஏறத்தாழ 22, யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குடையது 21.2. இந்த உடம்பு கப்பலேறும், விமானம் ஏறும், பிஜிக்கும் வரும். தசை குறைந்த உடம்பு சர்க்கரையை இழுக்கத் தயங்கும். கணையம் கூடுதலாகச் சுரக்கும். ஏன், லைடனில் கண்ட மிகையான இன்சுலினும் இதோடு பொருந்துகிறது. தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்கள் அரைவயிறாக இருந்ததன் தழும்பு அது. அதை இனம் என்று எழுதினால் தாயின் தட்டு நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

மரபணுவே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, உறுதியாக உண்டு. 2006இல் ஐஸ்லாந்தில் முதலில் சுட்டப்பட்ட டி.சி.எஃப்.7எல்2 என்ற மரபணு மாற்றம் நீரிழிவு அபாயத்தைக் கூட்டுகிறது. அதை உடையவர்களின் பீட்டா செல்கள் ஜி.எல்.பி.-1 சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் அது ஐஸ்லாந்துக்காரரிடமும் இருக்கிறது, புனேயிலும் சென்னையிலும் இருக்கிறது. இனங்களுக்கு இடையே வேலி போடும் மரபணு இல்லை அது. ஐதராபாத் செல் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் லால்ஜி சிங்கும் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009இல் காட்டியது இன்னொரு பக்கம்: அகமண வழக்கத்தால் இந்தியாவின் பல சமூகங்கள் மரபில் தனித்தனி ஓடைகளாகப் பல தலைமுறைகளாக ஓடுகின்றன. மரபணுவை உண்மையாகப் பொருட்படுத்துகிறவர், ‘தெற்காசியர்’ என்ற பெரிய மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு சமூகத்தையும் அதற்குள் ஒவ்வொரு ஆளையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரையிலும் அதே சமூகங்கள் கோட்டின் இருபுறமும் வாழ்வது, மரபை ஒருபக்கம் நிலையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிட நமக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு.

மருந்துக்காரர்களின் மறுப்பும் கேட்க வேண்டியதே. டி.பி.பி.-4 தடுப்பு மாத்திரைகள் ஆசியர்களிடம் மற்றவர்களைவிட நன்றாக வேலை செய்கின்றன என்று 2013இல் கொரிய ஆய்வாளர்கள் பல சோதனைகளைத் தொகுத்துக் கண்டார்கள். இது இன வேறுபாட்டுக்குச் சான்றுதானே? சான்றுதான், ஆனால் எதற்கு? அந்தத் தொகுப்பில் ஆசியர் என்று வந்தவர்களில் பெரும்பகுதி கிழக்காசியர். ஒல்லியான உடம்பும் குறைவான இன்சுலின் சுரப்பும் உள்ளவர்களிடம் அந்த மாத்திரை நன்றாகப் பிடிக்கிறது என்று அதே முடிவைப் படிக்கலாம். அந்த வாசிப்பு ஒரு மருத்துவருக்குக் கூடுதல் உதவி செய்யும். ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் உடம்பை அவரால் அளக்க முடியும். 2025 மார்ச்சில் ஜி.ஐ.பி., ஜி.எல்.பி.-1 இரண்டையும் போலச் செய்யும் டிர்செபடைட் ஊசி இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது. பயன்தரும் மருந்து அது, நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் இனத்தின் குடலில் குறை என்ற பேச்சு பரவினால், ஊசி ஒன்றுதான் வழி என்று ஏழை வீடுகள் கடன் வாங்கும். அந்தப் பேச்சை இப்போதே சோதித்துப் பார்ப்பது நம் கடமை.

நம் மண்ணில் ஒற்றைக் காரணத்தை நம்பி ஒருமுறை தடுமாறியிருக்கிறோம். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் மரச்சீனியைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது அதுவே உயிரைப் பிடித்து நிறுத்தியது. பிறகு கேரளத்தில் இளம் வயதிலேயே கணையத்தில் கல் உருவாகி நீரிழிவு வருவோரை மருத்துவர் கீவர்கீஸ் பெரும் எண்ணிக்கையில் கண்டு பதிவுசெய்தார். மரச்சீனியிலுள்ள சயனைடு சேர்ந்த பொருளே காரணம் என்ற கருத்து 1979இல் வலுப்பெற்றது. ஏழையின் உணவு குற்றவாளிக் கூண்டில் ஏறியது. ஆனால் மரச்சீனி தின்னாத ஊர்களிலும் அந்த நோய் இருந்தது. தின்ற பல ஊர்களில் இல்லை. 2000க்குப் பின் ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாற்றம் நோயாளிகள் பலரிடம் தெரிந்தது. அது மட்டும் போதாது, வேறு காரணங்களும் கூடவேண்டும் என்பதும் தெரிந்தது. அன்று உணவை மட்டும் பார்த்துத் தவறினோம். இன்று இனத்தை மட்டும் பார்த்தால் அதே தவற்றை மறுபக்கமாகச் செய்கிறோம்.

நெய்யாற்றின்கரை தாலுகாவுக்கே இந்தத் துறையில் ஓர் இடம் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்ற ஆய்வை, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தைச் சேர்ந்த தங்கப்பனும் சதீஷும் ஆஸ்திரேலியாவின் ஓல்டன்பர்க்கும் கூட்டாக நடத்தினார்கள். இந்தத் தாலுகாவின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், அபாயம் மிகுந்த 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 1007 பேர். ஒரு பகுதிக்கு அண்டை வீட்டாரே குழுவாகக் கூடி உணவையும் நடையையும் மாற்ற ஊக்கம். மற்றதற்குச் சிறு நூல் மட்டும். 2018இல் முடிவு வந்தது: இரண்டு ஆண்டுகளில் குழுவாகக் கூடியவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 17.1 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் வெற்றி என்று சொல்ல முடியாது. ‘பார்த்தீர்களா, வாழ்முறையை மாற்றியும் பயனில்லை, எல்லாம் இனத்தில் இருக்கிறது’ என்பார்கள். ஆனால் அங்கே காய்கனி உண்பது கூடியது, மது குறைந்தது, அபாய மதிப்பெண்ணும் இறங்கியது. மேலும், சர்க்கரை எல்லாருக்கும் ஒரே வழியில் ஏறுவதில்லை. காலையில் வெறும் வயிற்றில் ஏறி நிற்கும் சர்க்கரை பெரும்பாலும் கல்லீரலின் கணக்கு. உணவுக்குப் பின் ஏறுவது இரைப்பை, குடல், கணையம், தசை ஆகியவற்றின் கூட்டுக் கணக்கு. இரண்டையும் ஒரே அறிவுரையால் வெல்ல முடியாது. யாருக்கு எது பிசகுகிறது என்று பிரித்தறியவே குடல் ஹார்மோன் ஆய்வு நமக்கு வேண்டியிருக்கிறது.

அந்த ஆய்வை நம் தட்டிலிருந்தே தொடங்கலாம். ஒசாகாவில் குவாட்டா, யாபே குழு 2016இல் ஒரு சிறு மாற்றத்தைச் சோதித்தது: சோற்றுக்குப் பதினைந்து நிமிடம் முன்பு மீனையோ இறைச்சியையோ சாப்பிடச் சொன்னார்கள். இரைப்பை மெதுவாகக் காலியானது, ஜி.எல்.பி.-1 கூடியது, சர்க்கரை தாழ்ந்தது. அதே ஜப்பானியர், இனம் மாறவில்லை, வரிசை மாறியது. 2010இல் மந்தம் என்று எழுதப்பட்ட குடல் அசைந்து கொடுத்தது. சாளைக் குழம்பும் சம்பா அரிசிச் சோறும், சிறுபயறும் கஞ்சியும், அவித்த மரச்சீனியும் நெத்தோலித் துவரனும் தினமும் புழங்கும் இந்த ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை வேறில்லை. 75 கிராம் குளுக்கோஸ் நம்மூரில் யாரும் பசிக்குக் குடிப்பதில்லை.

அந்தச் சோதனையை இப்படி நடத்தலாம்: பாறசாலைப் பக்கம் சில ஊர்கள், களியக்காவிளைக்கு அப்பால் சில ஊர்கள். ஒரே சமூகம், ஒரே வயது, ஒரே இடுப்பளவு உள்ளவர்களைச் சேர்க்க வேண்டும். எடைக்கேற்ற அளவு உணவு; ஒரு நாள் மீன் முதலில், ஒரு நாள் சோறு முதலில். இரைப்பை காலியாகும் வேகத்தையும் கூடவே அளக்க வேண்டும். நான் முன்பே சொன்ன இரண்டு நிமிடக் கணக்கு இங்கேதான் வேலை செய்யும்: ரத்தம் எடுக்கும் குழாயில் டி.பி.பி.-4 தடுப்பான் முன்னதாகவே இருக்க வேண்டும், குழாய் அந்தக் கணமே பனிக்கட்டியில் போக வேண்டும், ஊரிலேயே ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து உறைய வைத்துத்தான் திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டும். இருபக்க மாதிரிகளும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே கருவியில், எது எந்தப் பக்கத்தது என்று அளப்பவருக்குத் தெரியாமல் அளக்கப்பட வேண்டும். இரைப்பை வேகம், உடற்கொழுப்பு, வயது, உணவு வரிசை ஆகிய எல்லாவற்றையும் கழித்த பிறகும், இந்த ஊர்களில் கண்ட அளவுகளுக்கும் அதே முறையில் லைடனிலும் ஒசாகாவிலும் அளந்தவற்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு மிஞ்சினால், நான் இன்று சொன்னதில் பாதியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு முன் அந்த மாதிரிகள் அளக்கப்பட வேண்டும்.